அடி வாங்கத் தெரியாதவர்

உதயவர்மன் ஏற்காட்டு மலைமேல் கரடியூரில் என் வாசலுக்கு வந்தபோது நான் காப்பிக்கொட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் சேலத்துத் தியேட்டர் வாசலில் அவருடைய கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் நடக்கும். அடிவாரத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர், இருபத்தாறு வயதில் கதாநாயகன். பத்து வருஷத்தில் பத்தொன்பது படம். அப்புறம் சொந்தப் படம் எடுத்து மண்ணைக் கவ்வினார். குடி, சீரியலில் அப்பா வேஷம், கடைத் திறப்புவிழா என்று இறங்கிப்போய் அதுவும் நின்றது. இப்போது அறுபத்து மூன்று வயது. தலைக்குச் சாயம் பூசியிருந்தார், மீசைக்கு மறந்துவிட்டார்.

நான் செல்வராஜ், அவருடைய டூப். ஏற்காட்டு எஸ்டேட்டில் கூலிவேலை பார்த்த என்னை, அவர் உயரத்துக்கு இருக்கிறான் என்று சென்னைக்குக் கூட்டிப்போனார்கள். மாடியிலிருந்து குதித்தது, கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்தது எல்லாம் என் உடம்பு. விசில் அவர் முகத்துக்கு.

டூப் வேலை இல்லாத நாளில் அடியாளாக நின்று அவரிடமே அடி வாங்குவேன். அப்படி ஒருநாள், மூன்று எண்ணிக் குத்த வேண்டியவர் குடித்துவிட்டு வந்து இரண்டிலேயே குத்தினார். இடது காதிலிருந்து ரத்தம் கொட்டியது. அடித்தவன்தான் விழுந்தவனைத் தூக்கிவிட வேண்டும், அது சண்டைக்காரர்களின் வழக்கம். இந்த மனுஷன் என்னைத் தாண்டிக் காருக்குப் போனார். அந்தக் காது அன்றோடு செவிடு. முப்பத்தோரு வருஷமாக அந்த ஆத்திரம் எனக்குள் அப்படியே கிடக்கிறது.

"ஏனுங்க செல்வராஜு, நாளைக்கு மலைப்பாதையில ஒரு வெப் சீரிஸ் ஷூட்டிங்குங்க," என்றார். "புதுப் பையன் ஒருத்தன் என்னைய அடிக்கிற சீனு. இது நல்லா வந்தா அடுத்த சீசன் பூரா வேஷம் தர்றேன்னு டைரக்டர் சொல்லீருக்காருங்க. இல்லீன்னா இதோட சரி. எனக்கு அடிக்கத்தான் தெரியுமுங்க. வாங்கத் தெரியாது. சொல்லிக்குடுங்க."

சினிமாச் சண்டையில் பாதி வேலை அடி வாங்குகிறவனுக்குத்தான். குத்து தாடைக்கு நேராக வரும். மூன்று என்றதும் முகத்தைத் திருப்பி, உடம்பைத் தூக்கி எறிவது அவன்தான். பத்தொன்பது படத்தில் ஊரையே அடித்துச் சாய்த்தவருக்கு இது தெரியவில்லை. அத்தனை பேரும் தன் கைவேகத்தில் விழுந்தார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார் போல.

"அசையவே கூடாதுங்கண்ணா," என்றேன். "நேராப் பாத்துட்டு நில்லுங்க. கை பக்கத்துல வந்து தானா நின்னுரும். யாரு திரும்பச் சொன்னாலும் கேக்காதீங்க."

"படத்துல என்ற ஒடம்பே நீங்கதானுங்களே. நீங்க சொன்னாச் சரி," என்றார். என் மனைவி கமலா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "நொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரே ஒரு குத்து. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் கொண்டை ஊசி வளைவில் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தோடு நின்றேன். எண்ணினார்கள். மூன்று. அவர் மரம் மாதிரி நின்றார். குத்து வாயில் விழுந்தது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். எனக்கு மனசெல்லாம் குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை.

அடித்த பையன் பயந்துவிட்டான். சண்டைப் பயிற்சியாளர், "சார், மொகத்தத் திருப்புங்க சார்," என்று கத்தினார். உதயவர்மன் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்தார். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

"ஒண்ணுமில்லீங்க, இன்னொரு டேக் போலாம்," என்றார் அவரே. டைரக்டர் கேமராவில் பார்த்ததில் சொக்கிப்போயிருந்தார், வேண்டாமென்று சொல்லவில்லை. இரண்டாவது குத்தில் பல் தெறித்தது. எச்சிலும் ரத்தமுமாகத் துப்பிவிட்டு மறுபடி வந்து நின்றார். பையன் கையை உதறி, "என்னால முடியாது சார்," என்றான். "அடி சாமி, நான் அசைய மாட்டேன்," என்றார் உதயவர்மன். மூன்றாவது குத்தில் மூக்கெலும்பு நொறுங்கிய சத்தம் என் நல்ல காதில் கேட்டது. பின்மண்டை சாலையோரக் கைப்பிடிச் சுவரில் மோத, கீழே சரிந்தார்.

பையன் ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தான். தூக்கிவிட வேண்டியவன் அவன். நான்தான் ஓடினேன். எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. அவர் தலையைத் தூக்கி என் மடியில் வைத்தேன்.

"அசையவே இல்லீங்க செல்வராஜு," என்றார். வார்த்தை குழறியது. "நீங்க சொன்ன மாதிரியே நின்னேன். சரியா வந்துதுங்களா?"

என்னைவிடக் கேவலமானவன் அந்த மலையில் இல்லை.

"திரும்பணுமுங்கண்ணா," என்றேன். "மூணுன்னதும் திரும்பிரணும். நான் உங்களுக்குப் பொய் சொல்லிட்டேனுங்க."

ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இன்னொரு கண்ணால் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். ரத்தம் ஒட்டிய கையை மெதுவாகத் தூக்கி என் இடது காதைத் தொட்டார்.

"இந்தக் காதுதானுங்களே?" என்றார்.