தானாக இறுகிய நட்டு

மகள் சாவியைத் திருப்பினாள். டாஷ்போர்டு விளக்கு மங்கியது. எங்கோ உள்ளே ‘டிக்’ என்றது. அவ்வளவுதான்.

“பாட்டரி போச்சு,” என்றார் மாமா. சற்று முன்புதான் பெட்ரோல் இல்லை என்று அடித்துச் சொல்லியிருந்தார். ஆயுளில் ஒரு சைக்கிளுக்குக்கூடக் காற்றடிக்காத மனிதர். ஆனால் சாவு வீட்டில் சும்மா உட்காரத் தெரியாது.

அப்பா வீட்டுக்குள்ளே பெட்டியில் கிடந்தார். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். இடுகாடு மேட்டு உச்சியில் இருந்தது. ஒரு வார மழையில் மண்பாதை சேறாகிக் கிடந்ததால் சவ வண்டிக்காரர் அடிவாரத்திலேயே கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று அந்தத் தெருவில் இருந்தது அப்பாவின் பழைய ஜீப் மட்டும்தான். அது மேட்டைப் பார்த்து நின்றதால் தள்ளிக் கிளப்பவும் முடியாது. வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. இன்னொரு மழை இறங்கினால் ஜீப்பும் ஏறாது.

மகளுக்கு லிப்ட் பழுதுபார்க்கும் வேலை. வண்டி தெரியாது, ஆனால் கரண்ட் எங்கே போய் நிற்கிறது என்று தேடத் தெரியும். மீட்டரை வைத்துப் பார்த்தாள். பாட்டரியில் குறை இல்லை. ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பாட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் கவ்வவிட்டாள்.

“இப்ப திருப்புங்க மாமா.”

ஸ்டார்ட்டர் உறுமியது. மாமா பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டார்.

அப்படியானால் கோளாறு எர்த் ஒயரில். குனிந்து பார்த்தாள். பாட்டரியிலிருந்து இறங்கிய கறுப்பு ஒயர், வண்டியின் உடம்போடு சேருமிடத்தில் தொளதொளவென்று ஆடியது. ஸ்பேனரைப் போட்டுத் திருகினாள். நட்டு பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மரை முழுக்கத் தேய்ந்து, முனைகள் மழுங்கிப் பளபளத்தன. நூறு தடவை கழற்றி மாட்டிய நட்டுதான் அப்படி ஆகும்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா தண்ணீர்க் குழாயை மூடினாலே அடுத்தவரால் திறக்க முடியாது. அந்த மனிதரா இதை இப்படி விட்டுவைத்தார்?

அம்மா வாசலுக்கு வந்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ‘அழுதுடு, உள்ள வெச்சுக்காத’ என்று வருகிறவர்களெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். அவள் நாற்காலி போடுவதிலேயே குறியாக இருந்தாள்.

“அந்த நட்டா?” என்றாள் மெதுவாக. “அத நான்தான் தளத்தி வெச்சேன்.”

“நீயா?”

“வண்டி ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல. உங்கப்பா யார் பேச்ச கேப்பாரு? எதக் கழட்டினா வண்டி கிளம்பாதுன்னு உன்கிட்ட போன்ல கேட்டேன். கறுப்பு ஒயர்னு நீதானே சொன்ன.”

சொன்னாள்தான். அம்மா விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“ஒரு தடவ தளத்தினா இப்படித் தேயாதும்மா.”

“ஒரு தடவயா? கடையிலேர்ந்து வந்து தொட்டுப் பாப்பேன். சில நாள் இறுகியிருக்கும். வெயில்ல இரும்பு தானா இறுகிக்குது போலன்னு மறுபடி தளத்திடுவேன்.”

மாமா ஸ்பேனரை எடுத்துத் தன் வேட்டியில் துடைக்கத் தொடங்கினார்.

“வண்டி ஆட்டத்துல நட்டு கழண்டுக்கும்மா,” என்றாள் மகள். “தானா இறுகாது.”

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு டயரைப் பார்த்தாள். அதில் மேட்டுச் சேறு இன்னும் ஈரமாக அப்பியிருந்தது. அம்மா தையற்கடைக்குப் போனதும் அப்பா நட்டை இறுக்கியிருக்கிறார். ஓட்டியிருக்கிறார். அவள் வருவதற்குள் திரும்பி வந்து, தளர்த்திவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். தளர்த்த மறந்த நாட்கள்தான் அம்மா சொன்ன சில நாட்கள்.

அங்கே எதற்குப் போனார்? அப்படி ஓட்டியதால்தான் உயிர் போனதா, இல்லை அதனால்தான் இத்தனை நாள் உயிரோடு இருந்தாரா? யார்மேல் கோபப்படுவது என்றுகூட மகளுக்குத் தெரியவில்லை.

“யாரு தளத்தினதுன்னு ஒரு வார்த்த கேக்கலியே,” என்றாள் அம்மா. “தினம் ரசம் நல்லாருக்குன்னு மட்டும் சொன்னாரு.”

தூறல் விழத் தொடங்கியது. மகள் கேபிளை அப்படியே விட்டு, அசையாமல் துணியால் கட்டினாள். ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமி, குலுங்கி, பிடித்துக்கொண்டது. சைலன்சர் ஓட்டை. தெருவே அதிர்ந்தது.

“அணைச்சிடாத, மறுபடி புடிக்காது,” என்று மாமா கத்தினார். அன்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் சரி.

நாலு பேர் பெட்டியைத் தூக்கிவந்து பின்னால் ஏற்றினார்கள். அம்மா முன்னால் ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை மடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“போலாமாம்மா?”

“இரு. இன்னும் கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடு.”

மகள் மிதித்தாள். ஜீப் அலறியது.

“இன்னும்.”

இன்னும் மிதித்தாள். பக்கத்தில் அம்மாவின் வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஜீப்பின் அலறலில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. மகள் காலை எடுக்காமல் நேரே மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.