ஒன்பது அங்குலச் சுவருக்குள் ஓர் அறை

நான் வரைந்த கோட்டை யாரோ திருத்துகிறார்கள் என்று நினைத்தபடியே சாராள் டேப்பைச் சுருட்டினாள். சமையலறைக்கும் ஏலக்காய் அறைக்கும் நடுவே இருந்தது ஒன்பது அங்குலச் சுவர். அந்தச் சுவருக்குள் பத்தடிக்குப் பத்தடியில் ஓர் அறை, கிழக்கே ஜன்னலோடு. போடியில் வியாபாரி சுயம்புலிங்கத்துக்கு அவள் 1967இல் வரைந்துகொடுத்த வீட்டில், குடிபுகுந்த மறு மழைக்காலத்தில் அது வளர்ந்திருந்தது.

சென்னைக் கல்லூரியில் கட்டடக்கலை கற்பித்தவள், விடுமுறைக்கு வரும்போது சொந்த ஊர்ப்பக்கம் வீடுகள் வரைந்தாள். வியாபாரிகள் கேட்டது ஒன்றுதான்: ஈரம் ஏறாத, காற்றோட்டமான நல்ல அறை ஏலக்காய்க்கு வேண்டும். வீட்டுப் பெண்கள் நடையில் படுத்துக்கொள்வார்கள் என்றார்கள். அவளும் அப்படியே வரைந்தாள்.

முதலில் கொத்தனார் பலவேசத்தைச் சந்தேகப்பட்டாள். "நூல் பிடிச்சுக் கட்டுனது ஆத்தா. கூலியில்லாம ஒரு ரூம்பு கட்ட எனக்கென்ன கிறுக்கா?" என்றார் அவர். பிறகு, அளவெடுக்கக் கூட்டிவந்த மாணவர்களை. சின்னமனூரிலும் கம்பத்திலும் அவள் வரைந்த வீடுகளில் இதேபோல் அறைகள் வந்தபின், தன் கையையே. அண்ணன் வீட்டில் மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்துப் படித்தவள் அவள். வரைபடத்தில் 'நடை' என்று எழுதும்போதெல்லாம் கை ஒரு கணம் நின்றது. அந்தக் கணத்தைத்தான் சுவர் வாங்கிக்கொண்டதோ?

சுவரின் அளவையும் அறையின் அளவையும் கொடுத்து ஒரு கட்டுரை எழுதினாள். எந்த அளவு பிழை என்று கேட்டு ஆய்விதழ் அதைத் திருப்பி அனுப்பியது. இரண்டும் சரி என்று பதில் எழுதினாள். அதன்பின் சக ஆசிரியர்கள் அவளோடு டீ குடிக்கவில்லை. ஊரில் யாரும் வீடு வரையச் சொல்லவில்லை. அறையின் கதவு பெண்களுக்கு மட்டுமே தென்பட்டது. ஆண்கள் சுவரில் காதை வைத்துக் கேட்டார்கள். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவர்களைத் தூங்கவிடவில்லை.

சுயம்புலிங்கத்தின் மனைவி பூமாரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததை சாராள் ஒருமுறை அந்த அறைக்குள் போய்ப் பார்த்தாள்.

"இங்கன என்ன செய்வ பூமாரி?"

"ஒண்ணும் செய்யமாட்டேன்க்கா. அதுக்குத்தான் வாரேன்."

1984இல் ஓய்வுபெற்றுப் போடிக்குத் திரும்பிய சாராளைத் தேடி, பழைய வரைபடத்தோடு சுயம்புலிங்கம் வந்தார். போன ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் போன பூமாரி வெளியே வரவில்லை. சுவரில் கடப்பாரை போட்ட இடத்தில் செங்கல் பெயர்ந்து, மறுபக்கத்து ஏலக்காய் மூட்டைதான் தெரிந்தது.

"எங்கன உடைச்சா அந்த ரூம்பு வரும்னு ஒரு கோடு போட்டுக் குடுங்க டீச்சரம்மா. வரைஞ்சவுக நீங்கதான?"

"சாப்பாடு?"

"மருமக கொண்டு போறா. நாங்க பாக்கப் பாக்கச் சுவத்துக்குள்ள போயிர்றா."

"பூமாரி கூப்பிட்டாளா?"

"எங்க கூப்பிட்டா! பாட்டுல்ல பாடுறா."

அவர் நீட்டிய பென்சிலை வாங்கினாள். முனை வரைபடத்தில் அந்தச் சுவரைத் தொட்டது. கை நின்றது. இந்தமுறை அவள் கையைச் சந்தேகப்படவில்லை. பென்சிலை மேஜைமேல் வைத்து, வரைபடத்தைச் சுருட்டி அவரிடமே கொடுத்தாள்.

"காபி குடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி," என்றாள். "அவ வர்றப்ப வரட்டும்."