அங்கம்மா எடுக்கச் சொன்ன படம்

இரும்பு மேசையின் சில்லிப்பு முதுகில் ஏறியதும் வேம்பு அங்கம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். மீன் வாடை போக எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவிய கை. வேம்புவின் புருஷன் அப்பாவு; அவனுக்கு அங்கம்மா மூத்த தாரம். அவளுக்குப் பிள்ளையில்லை என்றுதான் வேம்புவைக் கட்டினான். இப்போது வேம்புவின் வயிற்றிலும் ஒன்றும் தங்காமல் போக, எண்ணூரில் இன்னொரு பெண் பார்த்திருப்பதாகக் கரையில் பேச்சு.

அது காதில் விழுந்த அன்றே, தான் வாடிக்கையாக மீன் கொடுக்கும் டாக்டரம்மா வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கம்மா யோசனை கேட்டாள். கருப்பைக்குள் மருந்து செலுத்திப் படம் எடுத்துப் பார்த்தபிறகுதான் வைத்தியம் என்றார் அவர். உடனே வேம்புவை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்துவிட்டாள். தன் இடத்துக்கு வந்தவளுக்காக ஒருத்தி இப்படி அலைவாளா? வேம்பு அந்தக் கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

மெல்லிய குழாய் வழியாக எண்ணெய் போன்ற மருந்து உள்ளே இறங்கியது. அடிவயிறு முறுக்கிப் பிழிந்தது.

"அக்கா..."

"பல்லக் கடிச்சிக்கோ. அயுவாத."

நர்சு அங்கம்மாவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். கதவுக்கு அந்தப்பக்கமிருந்து குரல் வந்தது. "இங்கதான் கீறேன்டி. எங்கியும் போவல."

படம் கழுவிக் காய்ந்து வர மத்தியானமாயிற்று. டாக்டரம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்புக்கு நடுவே தலைகீழாக ஒரு சின்ன வெள்ளை முக்கோணம். மேல் முனைகளிலிருந்து நூல்போல இரண்டு இழைகள்.

"இதான் உன் கருப்பை. கட்டி எதுவும் இல்ல. குழாய் ரெண்டும் திறந்திருக்கு. அடுத்து உன் புருஷனைச் சோதிக்கணும். வரச் சொல்லு."

அங்கம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னுதும் இப்டிதான் இருந்திருக்குமா, டாக்டரம்மா?"

"பார்க்காம எப்படிம்மா சொல்றது?"

"அக்காவுக்கும் எடுத்துப் பாருங்கம்மா," என்றாள் வேம்பு.

"எனக்கு எல்லாம் நின்னு போச்சுடி." அங்கம்மா சிரித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உன்னுதப் பாத்துட்டேன்ல. போதும்."

வேம்பு அவள் காலைத் தொடக் குனிந்தாள். அங்கம்மா தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். "வலியோட இன்னாத்துக்குக் குனியறே?"

சாயங்காலம் அப்பாவு மணலில் வலையை உதறிக்கொண்டிருந்தான். அங்கம்மா வாயெடுப்பதற்குள் வேம்பு முந்திக்கொண்டாள். அவள் அவன் முகம் பார்த்துப் பேசுவதே அபூர்வம்.

"படம் எட்த்தாச்சு. எனக்குள்ள ஒரு கொறையும் இல்லியாம். டாக்டரம்மா உன்ன வரச் சொல்லிச்சு."

"என்னியா? ஊரு இன்னா பேசும்?"

"எங்கள இத்தினி வருசமாப் பேசிச்சே," என்றாள் அங்கம்மா. "நாங்க உசுரோடதானே கீறோம்?"

அவன் வலையை மடிக்கத் தொடங்கினான். நடுவில் மடிப்பு தவறி, மறுபடியும் பிரித்தான்.

மறுநாள் காலை அவன் கட்டுமரத்தைத் தள்ளவில்லை. குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, இரண்டு பேருக்கும் முன்னால் யாரோபோல விறுவிறுவென்று நடந்தான். டிராம் வந்து நின்றது. முதலில் ஏறப்போனவன் காலை இறக்கிக்கொண்டான். அங்கம்மாவும் வேம்புவும் மூச்சிரைக்க வந்து சேரும்வரை, நடத்துனர் மணியடித்து அதட்டியும், கம்பியை விடாமல் படியோரமாக நின்றிருந்தான்.