மஞ்சள் துணி யாருக்கு?

அமெரிக்காவிலிருக்கும் மாப்பிள்ளை போனில் "நல்லா இருக்கீங்களா மாமா" என்பதற்கு மேல் பேசியதில்லை. பேச ஒரு விஷயம் வேண்டுமே என்றுதான், பீங்கான் பொம்மைப் பட்டறை சாமிதுரை மாப்பிள்ளைக்குப் பிடித்த அமெரிக்கக் கால்பந்தைப் பார்க்கத் தொடங்கினார். காலுக்கு அவ்வளவாக வேலையில்லாத கால்பந்து.

இன்று காலை பட்டறை டிவியில் ஓடிய ஆட்டத்தில், பந்தைப் பிடிக்க ஓடியவனும் தடுக்க வந்தவனும் மோதி விழ, யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று நடுவர் மஞ்சள் துணியை வீசினார்.

"பந்து வர்றதுக்கு முன்னாடியே கையப் புடிச்சிட்டான், தப்புதான்" என்றார் மச்சான் பழமலைநாதன்.

"புடிக்காம எப்படிங்கண்ணே மடக்குறது? கபடியில புடிச்சாத்தான் பாயிண்ட்டு" என்றாள் பொம்மைக்கு வண்ணம் பூசும் வேல்விழி.

சாமிதுரை அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த இரண்டு பொம்மைகளை மோதிக் காட்டினார். ஈரம் காயாத மண், இரண்டும் ஒட்டிக்கொண்டன. யார் யாரைப் பிடித்தது என்பது இப்போது அடியோடு குழம்பிவிட்டது.

மாப்பிள்ளையிடமிருந்து போன். "பாத்தீங்களா மாமா?"

அந்தத் துணி மாப்பிள்ளையின் அணிக்கு நல்லதா கெட்டதா, மகிழ்வதா, துக்கம் விசாரிப்பதா என்று தெரியாமல் சாமிதுரை உள்ளதைச் சொன்னார். "பாத்தேங்க மாப்ள. ஒண்ணும் புரியலிங்க."

"எனக்குந்தான் மாமா. இத்தன வருசமா பாக்குறேன், இந்த ஒரு விதி மட்டும் புடிபடல" என்று ஆரம்பித்தவர், மனைவி அப்பாவோடு பேசப் போனைக் கேட்டும் தரவில்லை.