இயல்பை விடக் குறைவு

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் இதில் வரும் மேலதிகாரிதான். பல் வைத்தியரின் அறைக்கு வெளியே இருவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொன்னார். "என்னைக் கொஞ்சம் நல்லவனா எழுதுங்க" என்றும் கேட்டுக்கொண்டார். பார்க்கலாம்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'வானம் வெளிறிக் கிடந்தது. பூமி வாய் பிளந்து…' வேண்டாம். பூமி வாய் பிளந்த கதைகள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. இது ஓர் அலுவலக அறையில், மின்விசிறிக்குக் கீழே, ஒரு சொல்லுக்காக நடந்த சண்டை.

2

அவள் வானிலை அலுவலகத்தில் முன்னறிவிப்பு எழுதுபவள். தெருவில் அவளுக்கு 'மழைக்காரி' என்று பேர். (மழை வந்தால் பாசமாகக் கூப்பிடுவார்கள். வராவிட்டால் தொனியே வேறு.)

மாதக்கணக்காக நல்ல மழை இல்லை. கோடை தொடங்கிவிட்டது. வரும் மாதங்களுக்கான வட்டார அறிக்கை வெளியாக வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஏரியில் எவ்வளவு தண்ணீர் திறப்பது என்று குடிநீர் வாரியம் முடிவு செய்யும். கடலின் சூடு, காற்றின் போக்கு, கணினிக் கணிப்புகள் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, 'மழை இயல்பை விடக் குறைவு' என்று எழுதினாள்.

மேலதிகாரி படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"'இயல்பை ஒட்டி'ன்னு போடும்மா. பெஞ்சாலும் தப்பிச்சுக்கலாம், பெய்யாட்டியும் தப்பிச்சுக்கலாம்."

"நாம தப்பிச்சுக்கலாம் சார். ஊரு?"

(இந்தப் பதிலை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன் என்று பீற்றிக்கொள்ள ஆசை. இல்லை, அவளே சொன்னதாம்.)

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஆக, நல்லவர்தான்.

3

அறிக்கை வந்த அன்றே அவளுடைய அண்ணன் போனில் பிடித்துக்கொண்டான். நாற்றுப்பண்ணை வைத்திருப்பவன். செடி கேட்டிருந்தவர்கள் வரிசையாக வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"கூடப் பொறந்தவளே என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே!"

"மழை வராதுன்னுதானே சொன்னேன்ணா. வெயிலத் தாங்கற செடியா மட்டும் வை. பாதியாக் குறைச்சுக்கோ. மேல நிழல்வலை கட்டு."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

(இது மேலதிகாரிக்கு எப்படித் தெரியும்? அண்ணன் குரல் அடுத்த அறைவரை கேட்டதாம்.)

போனை வைத்துவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியே… இல்லை. அழுதாளா என்று யாருக்கும் தெரியாது. அன்று சாப்பாட்டைத் தொடவில்லை, அது மட்டும் நிச்சயம்.

4

கோடை நடுவில் ஒரு மதியம் மேகம் திரண்டது. இடி வேறு. தெருவே மொட்டைமாடியில் ஏறி நின்றது.

"என்ன மழைக்காரி, குடை இருக்கா?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். பெய்துவிடக் கூடாதே என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள். உடனே தன்மேலேயே கூச்சம். 'என் பேர் போனா போகுது, பெய்யட்டும்' என்று வாய்விட்டே சொன்னாள். (பின்னாளில் மேலதிகாரியிடம் அவளே ஒப்புக்கொண்டது.)

இங்கே எனக்குக் கை பரபரத்தது. 'சடசடவென்று முதல் துளிகள்…' அடித்துவிட்டேன். சட்டை நனையும் அளவுக்குக்கூடத் தூறவில்லை. மேகம் கலைந்தது. கோடை முழுக்க அப்படியே போனது.

ஆனால் அறிக்கையைப் பார்த்ததுமே வாரியம் ஏரி மதகை இறக்கிவிட்டிருந்தது, ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். பக்கத்து ஊர்களில் குழாய்கள் காற்றைக் கக்கியபோது இங்கே கடைசிவரை முறை தவறாமல் தண்ணீர் வந்தது. வாரியப் பொறியாளர் நேரில் வந்தார். அவள் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

5

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் அவளுக்கு விருது கொடுத்தேன். மேடை, மாலை, கைதட்டல். கிழித்தாயிற்று. மற்றது மேலதிகாரி கண்ணால் கண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செடி வாங்கப் போனாராம். மற்ற பண்ணைகள் கருகிக் கிடக்க, அண்ணனின் வலைக்கு அடியில் பச்சைப் பசேல். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, தங்கை சொன்னதைத்தான் செய்திருக்கிறான்! வாசல்வரை கூட்டம். அவள் உள்ளே நுழைந்ததும் கத்தினான்: "எல்லாரும் பாத்துக்குங்க, இவதான் என் தங்கச்சி! இவ பேச்சக் கேட்டேன், பொழச்சேன்!"

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார்: "மழை எப்பம்மா வரும்?"

அவள் சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. உங்களுக்கு வேண்டிய வானத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய நொடி: அவள் வாயெடுக்கிறாள். கூட்டம் கப்சிப்பென்று அடங்குகிறது. ஒரு வார்த்தைகூடத் தவறிவிடக் கூடாதென்று அண்ணன் ஓடிப்போய்த் தண்ணீர் மோட்டாரை நிறுத்துகிறான்.