பத்து கிலோமீட்டர் பொய்

அந்த வீட்டில் ரகசியம் என்று எதுவும் தங்காது. வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு பேசுவார். பெண்டாட்டியிடம் அவர் கிசுகிசுக்கிற விஷயம் தெருக்கோடி சலூன் வரை போய்ச் சேர்ந்துவிடும். "உன் தம்பி வந்தா இந்தத் தடவ சீக்கிரம் கிளப்பி விடு" என்று அவர் ரகசியமாகச் சொன்னதை, அந்தத் தம்பியே வாசலில் செருப்பைக் கழற்றியபடி கேட்டிருக்கிறான். அப்படிப்பட்ட வீட்டில் அவர் மனைவி ஒரு ரகசியத்தை நான்கு நாள் காப்பாற்றினாள். காப்பாற்றினாள் என்று பெருமையாகச் சொல்வதற்கில்லை. அது அவளைப் பிடுங்கித் தின்றது.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. இடது பக்க மேஜை அவருடையது. பழைய வண்டிகளுக்குக் கடையில் கிடைக்காத கேபிள்களை அளந்து, வெட்டி, முனையில் ஈயத்தை உருக்கிக் குமிழ் வைத்துக் கொடுப்பார். வாசல் பலகையில் 'கேபிள்' என்று மட்டும் எழுதி வைத்ததில், டி.வி. தெரியவில்லை என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. வலது பக்க மேஜை அவளுடையது. வண்டிகளின் ஸ்பீடோமீட்டர், பெட்ரோல் முள், கடிகாரம் எல்லாம் அவள் கைக்கு வரும். தெருவுக்கு அவர் கேபிள்காரர், அவள் மீட்டரம்மா. முன்பெல்லாம் "என்னங்க" என்று கூப்பிடுவாள். இப்போது மேஜையில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவாள். அதிர்வு அவர் முழங்கைக்குப் போனதும் நிமிர்ந்து பார்ப்பார். உதட்டைப் பார்த்தே முக்கால்வாசி புரிந்துகொள்வார், மீதியைத் தனக்கு வசதியாகப் புரிந்துகொள்வார்.

தகடு அடிக்கிற ஆலையில் இருபது வருஷம் வேலை பார்த்ததற்கு அந்த ஆலை கொடுத்த பரிசு அது. காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், கடைசியில் துடைத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. அவரிடம் நாற்பத்தைந்து வருஷத்துப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருநாள், பின்னால் வந்த லாரி அடித்த ஹாரன் அவருக்குக் கேட்கவில்லை. ஒரு சாணில் தப்பித்தார். கைப்பிடி உரசி, முழங்கை தோல் உரிந்து வீட்டுக்கு வந்தவர், ஒன்றும் பேசாமல் சாவியை எடுத்து மனைவி கையில் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து வண்டி போர்வைக்குள் இருந்தது. அதன் மேல் துணி காயப்போட்டார்கள்.

இந்த வருஷம் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. காது கேளாதவர்களும் ஓட்டலாம், ஆனால் சோதனையில் தேறிப் புது உரிமம் வாங்க வேண்டும், வண்டியில் மீட்டர் சரியாக ஓட வேண்டும் என்று அதில் இருந்தது. சோதனை வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு. அவர் கடிதத்தை மூன்று தடவை படித்தார். பிறகு காயப்போட்ட துணியை மடித்து வைத்துவிட்டுப் போர்வையை எடுத்தார்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். மீட்டரம்மா வீட்டு வண்டியில் மீட்டர் ஓடிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. காது இருந்த காலத்தில் அவருக்கு அது தேவைப்படவே இல்லை. எஞ்சின் குரலை வைத்தே வேகம் சொல்வார். இனி அந்தக் குரல் கிடையாது, முள்தான் எல்லாம். "நீ மீட்டரப் பாரு, நான் கேபிள் போடறேன்" என்று வேலையைப் பிரித்தார். அவர் முகத்தில் இரண்டு வருஷமாகக் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் அதோடு மல்லுக்கட்டினாள். விளிம்பை நெம்பிக் கண்ணாடியைக் கழற்றினாள். உள்ளே கேபிள் சுற்றச் சுற்ற ஒரு காந்தம் சுற்றும். அதை மூடினாற்போல ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். காந்தம் அந்தக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கும், முடி கனத்தில் ஒரு சுருள்வில் அதைப் பின்னுக்குப் பிடிக்கும். இரண்டுக்கும் நடக்கிற இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். காய்ந்த பசையை வழித்து, துருவைத் துடைத்து, மேஜை மோட்டாரில் பூட்டிச் சுற்றவிட்டாள். நாற்பதுக்கு நாற்பது காட்டியது. பதினைந்து வருஷம் செத்துக் கிடந்த மீட்டர் அது. வேறு யாருடையதாக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பாள்.

லாரியை நினைத்தாள். உரிந்த முழங்கையை நினைத்தாள். சின்ன இடுக்கியை எடுத்து, சுருள்வில்லைப் பிடித்திருந்த குட்டி நெம்புகோலை ஒரே ஒரு நூலளவு தளர்த்தினாள். முள் நாற்பதிலிருந்து ஐம்பதுக்குப் போய் நின்றது. இனி அவர் நாற்பது என்று நினைத்துக்கொண்டு முப்பதில்தான் போவார். முப்பதில் போகிறவனுக்கு எமன்கூட வழி விடுவான் என்று அவள் கணக்கு. சோதனையில் இதனால் தோற்றுவிட்டால்? தோற்றால் தோற்கட்டுமே, ஆள் முழுசாக வீட்டில் இருப்பார் என்று மனசின் ஒரு மூலை சொன்னது. அந்த மூலையை அவள் அதட்டவில்லை. விளிம்பை அழுத்தி மூடிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த ஆளில்லாத சாலைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முள்ளு நாப்பதுங்குது. முட்டி முப்பதுங்குது" என்றார், தெருவுக்கே கேட்க.

பெட்ரோல் டேங்கை அணைத்துப் பிடிக்கும் முழங்காலுக்கு எஞ்சினின் நடுக்கம் தெரியும். முப்பது வருஷப் பழக்கம். பிடிபட்டோம் என்று அவள் நினைத்தாள். அவரோ குனிந்து கேபிளைக் கழற்ற ஆரம்பித்தார்.

"கிரீஸ் கூடப் போட்டுட்டேன் போல. மேல ஏறி உன் காந்தத்துல ஒட்டியிருக்கும். அதான் முள்ளக் கூட இழுக்குது."

அப்படி நடப்பது உண்டுதான். கேபிளின் மேல் சாணுக்குக் கிரீஸ் தடவக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் அரிச்சுவடி. அந்தத் தப்பை அவர் ஒருநாளும் செய்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், கேபிளைத் துடைக்கத் துணியை எடுத்து நீட்டினாள்.

செவ்வாய்க்கிழமை புதுக் கேபிள் செய்தார். கிரீஸை நகத்தளவு வைத்தார். முள் அதே பத்தைக் கூட்டிச் சொன்னது. வளைவு இறுக்கமாக இருக்கிறதோ என்று அதை வேறு பக்கமாக விட்டுப் பார்த்தார். புதன்கிழமை மூன்றாவது கேபிள். உள்கம்பி நீளம் கூடிப்போய் மீட்டரை முட்டுகிறதோ என்று அரை நூல், அரை நூலாக அரத்தால் தேய்த்தார். அவள் பக்கத்து மேஜையில் யாருடைய கடிகாரத்தையோ பிரித்து வைத்துக்கொண்டு, பிரித்ததையே திரும்பப் பிரித்துக்கொண்டிருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. அவர் தன்னைச் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டை போட்டாவது பாரத்தை இறக்கியிருப்பாள். அந்த மனுஷன் கேட்கவே இல்லை. அவள் பார்த்த மீட்டர் தப்பாக இருக்கும் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

வியாழக்கிழமை காலை அவர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். எதிரே மூன்று கேபிள்கள் சுருண்டு கிடந்தன. இரண்டு கைகளையும் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் தம்பிக்குப் போன் பண்ணு" என்றார். "வண்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லு."

அவள் ஏன் என்று கையை அசைத்தாள்.

"நாளைக்கு நான் போகல. காது போச்சு, சரி. கை இருக்குன்னு நெனச்சேன். ஒரு மீட்டர் கேபிள் போட முடியாதவன் பிரேக் கேபிள் போட்டுக் குடுத்து எவன் உசுரையாவது வாங்கிடுவேன். வெளியில பலகையக் கழட்டிடலாம்."

அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. லாரியிடமிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, அவளே போய் இடித்திருக்கிறாள். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று நாலு நாள் தள்ளியாகிவிட்டது, இனித் தள்ள இடமில்லை. எழுந்து போய் வண்டியிலிருந்து மீட்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். விளிம்பை நெம்பினாள். அவர் எதிரில் வைத்து, கண்ணில் மாட்டும் லென்ஸை அவர் கையில் கொடுத்து, நெம்புகோலைச் சுட்டிக்காட்டினாள்.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கேபிள்காரர்தான், ஆனாலும் அந்த மேஜைக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர். தளர்ந்திருந்த வில் அவருக்குப் புரிந்தது.

"யாரு செஞ்சது?"

அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

சத்தமாகவே பேசிப் பழகிய ஆள் பேசாமல் இருந்தால் வீடு தாங்காது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பார்க்கும்படி முகத்தைத் தூக்கி, "பயம்" என்றாள். "லாரி. பயமா இருந்துச்சுங்க."

"பயமா இருந்தா எங்கிட்ட சொல்லணும். மீட்டர்கிட்ட ஏன் சொன்ன?"

அவர் லென்ஸை மேஜையில் வைத்தார்.

"ஊருல எல்லாரும் எங்கிட்ட வாயத்தான் அசைக்கிறாங்க. என்ன சொல்றாங்கன்னு பாதி ஊகம்தான். இந்த முள்ளு ஒண்ணு நேரா சொல்லும்னு நெனச்சேன். ஏன்னா அது நீ பாத்தது." மூன்று கேபிள்களையும் ஒதுக்கித் தள்ளினார். "மூணு நாளா என் கையத் திட்டிட்டிருந்தேன். நீ பாத்துக்கிட்டே இருந்த. முப்பதுல போங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முப்பதுலயே போயிருப்பேனே."

"தப்புங்க" என்றாள். "பெரிய தப்பு."

அதற்கு மேல் சமாதானம் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை, வேலைதான் தெரியும். இடுக்கியை எடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் மூன்று கேபிள்களில் முதலில் செய்ததைத் தேடி எடுத்து, மேஜை மோட்டாருக்கும் மீட்டருக்கும் நடுவில் பூட்டினாள். அதன் வளைவைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். கோபம் கோபமாகவே இருக்க, கை மட்டும் வந்து பிடித்தது. நெம்புகோலை அவள் இறுக்கினாள். முள் இறங்கி, நாற்பதில் கொஞ்சமும் ஆடாமல் நின்றது.

அவர் அந்தக் கேபிளை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார்.

"மொதல் கேபிளே சரியாத்தான் இருந்திருக்கு" என்றார். சலூன்காரர் எட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டே சோதனைத் திடலுக்குப் போனார்கள். உரிமம் இல்லாமல் ஊர்ச் சாலையில் ஓட்டக்கூடாது என்பதில் அவர் கறார். வழியெல்லாம் அவர் அவளிடம் பேசவில்லை, ஆனால் மேட்டில் தள்ளும்போது "நீ விடு, மூச்சு வாங்குது பார்" என்றார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

சோதனை அதிகாரி சின்ன வயதுப் பெண். தாளைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று ஏதோ சொன்னாள்.

"நிமிந்து பேசுங்கம்மா. நான் கண்ணாலதான் கேக்கறேன்."

அதிகாரி நிமிர்ந்தாள். கொஞ்சம் சிரிப்பும் வந்தது. "அந்த ரெண்டு வெள்ளைக் கோட்டுக்கும் நடுவுல நாப்பதுலயே போகணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நான் நேரம் பார்ப்பேன். சத்தம் கேக்காம வேகம் எப்படித் தெரியும் உங்களுக்கு?"

அவர் மீட்டரைக் காட்டினார்.

"இவ்ளோ பழசு. நம்பலாமா?"

மீட்டரம்மா தரையைப் பார்த்தாள். அவர் ஒரு தடவை அவள் பக்கம் திரும்பினார். திடலில் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும் குரலில் சொன்னார்: "என் வீட்டுக்காரி பாத்த மீட்டருங்க. கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்."

"கண்ண மூடிட்டெல்லாம் ஓட்டாதீங்க" என்றாள் அதிகாரி.

வரிசையே சிரித்தது. மீட்டரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வெள்ளைக் கோடுகளைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அதிகாரியின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி போனது, விரல் கடிகாரத்தை அழுத்தியது. அதிகாரி எண்ணைப் பார்த்தாள், தாளில் இருந்த எண்ணைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டு உரிமத்தை நீட்டினாள்.

வெளி வாசலில் அவர் வண்டியைக் கிளப்பி நிறுத்தி, பின்னால் ஏறச் சொல்லித் தலையை அசைத்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் ஏறி உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்தாள். சாலை முழுக்க வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. லாரிகளும்தான். அவர் கிளம்பாமல் பக்கக் கண்ணாடியைத் திருப்பி, அதில் அவள் முகம் விழும்படி வைத்தார்.

"எவ்வளவுல போகட்டும்? நீ சொல்லு."

முப்பது என்று சொல்லியிருக்கலாம். அவர் போயிருப்பார், ஒரு வார்த்தை எதிர்த்திருக்க மாட்டார். பயம் எங்கேயும் போய்விடவில்லை, தோளைப் பிடித்த விரலிலேயே இருந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்து, உதடு நன்றாகத் தெரியும்படி, "நாப்பது" என்றாள்.