ஒன்பதாம் வாரம்: கழித்தல்

இரண்டாம் வகுப்பில் கூட்டல் நடத்திய செவ்வாய்க்கிழமை, இருபத்துமூன்று பிள்ளைகள் இருபத்தேழு பிள்ளைகள் ஆனார்கள். கண்ணெதிரே இருப்பதைக் காட்டித்தான் எந்தப் பாடமும் நடத்த வேண்டும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். அன்று மணிச்சட்டத்தின் கம்பி அறுந்து கிடந்ததால் டீச்சர் பிள்ளைகளையே காட்டினார். "நாம இருபத்துமூணு பேர் இருக்கோம், இன்னும் நாலு பேர் வந்தா எத்தனை?" என்று கேட்டு, விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினார். கடைசி பெஞ்சில் நாலு பேர் புதிதாக உட்கார்ந்திருந்தார்கள். தலை படிய வாரி, நகம் வெட்டி, பென்சில் சீவி, குறை சொல்ல ஒன்றும் இல்லாத பிள்ளைகள். பெயர் கேட்டால் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தலைமையாசிரியர் வந்து எண்ணினார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார். விடை சரியாக இருந்ததால் டீச்சரைக் கடிந்துகொள்ள அவருக்கு வழியில்லாமல் போயிற்று. பதிவேட்டில் இருபத்துநாலு முதல் இருபத்தேழு வரை எண்ணை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தெருவிலும் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. முதல் வாரம் 'மழை எப்படிப் பெய்கிறது' பாடத்தில் அந்த ஒரு அறைக்குள் மட்டும் மழை கொட்டிப் பிள்ளைகள் தொப்பலாக வீடு திரும்பியிருந்தார்கள். இரண்டாம் வாரம் 'மிதப்பவை, மூழ்குபவை'. அதில் டீச்சரின் நாற்காலி மூன்று நாள் கூரையோடு ஒட்டிக் கிடந்தது. அதற்குத் தலைமையாசிரியர் முன்கூட்டியே பயந்து, பாடத்தை ஒத்திப்போடச் சொல்லிப் பார்த்தவர்தான். அன்று மாலை காவலாளி கயிற்றைப் பிடித்து இழு இழு என்று இழுத்தும் மணி ஊமையாகத் தொங்கியது, வாசல் கேட்டும் திறக்கவில்லை. டீச்சர் வகுப்புக்குத் திரும்பி வந்து அந்தப் பாடத்தை முடித்த பிறகுதான் மணி அடித்தது. தாளில் போட்டதை நடத்தாமல் அந்தப் பள்ளிக்கூடம் யாரையும் வெளியே விடாது என்பது அன்றோடு எல்லோருக்கும் புரிந்தது.

தாள் என்றால், 'இந்தப் பருவத்தில் உங்கள் பிள்ளை கற்கப்போவது' என்று தலைப்புப் போட்டுப் பெற்றோருக்குக் கொடுத்தனுப்புவது. அதை நகலெடுத்துக் கொடுப்பவள் எதிர்க்கடை ஜெராக்ஸ் அக்கா. நாற்பத்தோரு வயது, தனிக்கட்டை. அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் அதிகம் பேசியது மெஷினோடு, அதுவும் தாள் சிக்கிக்கொள்ளும்போது. கூட்டல் நடந்த அன்று மாலை, புதிய நால்வரில் ஒருவனைப் பல் டாக்டர் அழைத்துப் போனார், இருவரைத் தபால்காரர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். இருபத்தேழாம் எண் பெண் மட்டும் தானாகத் தெருவைக் கடந்து கடைக்குள் வந்து, மெஷினிலிருந்து விழுந்த தாள்களைத் தட்டி அடுக்கி வைத்தாள்.

"வீடு எங்க பாப்பா?"

"தெரியல அக்கா."

"சாப்டியா?"

"இல்ல அக்கா."

தத்தெடுப்புச் சடங்கெல்லாம் இவ்வளவுதான். ஒரு வாரத்தில் அக்கா கடையை ஆறு மணிக்கே மூடத் தொடங்கினாள். அவசரமாக வந்தவர்கள் ஷட்டரைத் தட்டித் திட்டிவிட்டுப் போனார்கள். அந்நேரம் வீட்டில் அக்கா செருப்பு வார் மாட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிற பழக்கமும் அவளுக்கு வந்துவிட்டது.

ஐந்தாம் வாரக் கடைசியில் பருவத்தின் பின்பாதித் தாள் நகலுக்கு வந்தது. ஆறாம் வாரம், பூஜ்ஜியம். ஏழு, நிழல். எட்டு, கடிகாரம். ஒன்பது, கழித்தல், ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாக ஒரு கணக்கு சொல்லுதல். அக்கா அந்த வரியைத் திரும்பப் படித்தாள். நாலு பேரைக் கொண்டுவந்த கணக்கைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அந்த வரியின்மேல் வெள்ளைத் தாளை நறுக்கி ஒட்டி நகல் எடுத்தாள். வரி வந்தது. இரண்டு பட்டை ஒட்டினாள், வரி இன்னும் கறுப்பாக வந்தது. ஏழாம் தடவை மெஷினை நிறுத்திவிட்டு அதன்மேலேயே தலையைச் சாய்த்து அழுதாள்.

டீச்சரிடம் போய்ச் சொன்னாள், "அந்த ஒண்ணை மட்டும் விட்டுடுங்க டீச்சர்."

"விட்டா கேட்டு திறக்காது அக்கா. இருபத்தேழும் உள்ளயே கிடக்கும். நான் பென்சிலை வச்சு நடத்துறேன், பிள்ளைங்க பக்கமே போக மாட்டேன்."

"அதுங்களா சொல்ற கணக்குக்கு என்ன பண்ணுவீங்க?"

டீச்சர் மேசையில் இருந்த பென்சில்களை எண்ணத் தொடங்கினார்.

பூஜ்ஜியம் நடத்திய வாரம் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ஒன்றுமே நடக்கவில்லை. "அப்போ சரியாத்தான் நடத்தியிருக்காங்க" என்றார் காவலாளி. நிழல் வாரத்தில் பிள்ளைகள் வந்து அரை மணி கழித்து அவர்களின் நிழல்கள் வீடு வந்து சேர்ந்தன. கடிகார வாரத்தில் ஒரு புதன்கிழமை இரண்டு தடவை வந்தது. அதில் அக்கா ஒருத்திக்குத்தான் சந்தோஷம், ஒரு நாள் கூடக் கிடைத்ததே என்று. அந்த இரண்டு புதனிலும் ஒரே பேச்சைத்தான் பேசினாள். "கணக்கு சொல்லச் சொன்னா பென்சில் கணக்கு சொல்லு பாப்பா. ஆளுங்களை வச்சு மட்டும் சொல்லிடாத." அந்தப் பெண் இரண்டு தடவையும் சரி அக்கா என்றாள்.

ஒன்பதாம் வாரச் செவ்வாய்க்கிழமை அக்கா வீட்டை உள்பக்கமாகப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தாள். ஒன்பது மணிக்கு மடி லேசானது. பூட்டுத் தொங்கியபடியே இருந்தது, ஆணியில் புத்தகப்பையைக் காணோம். பதிவேட்டில் எண் இருக்கும்வரை பிள்ளை வகுப்பில்தான் இருக்கும் போல. அக்கா செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் வகுப்பு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் சொன்னபடியே பென்சிலில் தொடங்கினார். மேசைமேல் இருபது பென்சில், நாலு போனால் பதினாறு. நாலும் போயின, அவ்வளவுதான். எல்லோருக்கும் மூச்சு வந்தது. பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பதினாறு பென்சிலை முதல் மூன்று பேரே தீர்த்துவிட்டார்கள். அடுத்து அழிப்பான்கள், டிபன் டப்பாக்கள், அலமாரிக் கதவுகள். ஒருவன் பெஞ்சுகளைக் கழிக்க, வகுப்பு தரையில் உட்கார்ந்தது. காவலாளியின் மகள் முற்றத்தைக் காட்டி, "மூணு நாய்க்குட்டி, ஒண்ணு போனா ரெண்டு" என்றாள். காவலாளி மடியிலிருந்த குட்டி, அவர் தடவிக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போயிற்று. உயிர் உள்ளதும் போகும் என்று எல்லோருக்கும் அப்போது தெரிந்தது. சில பிள்ளைகள் அழுதார்கள். தலைமையாசிரியர் மணிக்கயிற்றை இழுத்தார், மணி பேசவில்லை. இருபத்தாறாம் எண் பையன், "ஜன்னல்ல எட்டுக் கம்பி, ஆறு போனா ரெண்டு" என்றான். அக்காவின் கைகள் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன.

கடைசியாக இருபத்தேழு எழுந்தாள். சுற்றிலும் பார்த்தாள். பென்சில் இல்லை, பெஞ்ச் இல்லை, காட்டிக் கணக்குச் சொல்ல ஜன்னலில் மீந்த இரண்டு கம்பியைத் தவிர ஒரு சாமானும் மிச்சமில்லை. மனிதர்கள் மட்டும் இருந்தார்கள். "பாப்பா, கம்பி ரெண்டு இருக்கு, அதைச் சொல்லு" என்று கத்த அக்கா வாயைத் திறப்பதற்குள் அவள் திரும்பிவிட்டாள். அந்தப் பெண் ஜன்னலைத்தான் பார்த்தாள். கம்பிகளை அல்ல.

"எங்க வீட்டுல அம்மாவும் நானும் ரெண்டு பேரு" என்றாள். அதுவரை அவளும் தெருவோடு சேர்ந்து அக்கா என்றுதான் கூப்பிட்டுவந்தாள்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். முன்வரிசையில் ஒரு பையன் பக்கத்திலிருந்தவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"அதுல யாரும் போகல. மீதி ரெண்டு."

"எத்தனை கழிச்ச?" டீச்சர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"பூஜ்ஜியம், டீச்சர். ஆறாவது வாரம் நடத்துனீங்களே."

மணி அடித்தது. கயிற்றை யாரும் தொடவில்லை.

போன பென்சில்களும் பெஞ்சுகளும் திரும்பவில்லை, நாய்க்குட்டியும் திரும்பவில்லை. காவலாளி வெகுநாள் வெறும் மடியைத் தடவிக்கொண்டிருந்தார். பதிவேட்டில் இருபத்தேழு இருபத்தேழாகவே நின்றது. மறுவருஷம் மூன்றாம் வகுப்பில் பெருக்கல் வந்தபோது தலைமையாசிரியர் முன்யோசனையோடு ஆறு பெஞ்சுகளை மட்டும் உள்ளே போட்டுவைத்து, போதுமான பெஞ்சுகளைச் சம்பாதித்துக்கொண்டார். அந்தப் பெண் இப்போது மேல்வகுப்பில் கடினமான கணக்கெல்லாம் படிக்கிறாள். மாலை ஆறு மணிக்கு மெஷினை அணைத்துவிட்டு, "மீதி எத்தனை?" என்று அம்மா கேட்பாள். "ரெண்டு" என்பாள் மகள். ஷட்டரை இறக்கிவிட்டு இருவரும் வீட்டுக்கு நடப்பார்கள்.